கேட்டால் சொல்வோம்: துப்பாக்கி, அதன் பாகங்கள், லைசென்ஸ்

போன இதழில் செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டிப் போடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் லைசென்ஸ் துப்பாக்கி என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் சின்ன நிலம் வைத்திருக்கிறவர்கள், தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், கணவரை இழந்த ஓர் அம்மா, யூடியூப் பார்த்துவிட்டுக் கேட்கும் ஒரு தம்பி என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். வேறு கேள்விகளை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். இதில் தப்பான பதிலை நம்பி நடந்தால் ஆள் சிறைக்குப் போகிற நிலை வரும் என்பதால் இந்த மாதம் முழுக்க இதுதான்.

நான் வழக்கறிஞன் இல்லை. ஈப்போவில் லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையில் பல வருஷம் கணக்குப் புத்தகம் எழுதியவன். உள்ளே வரும், வெளியே போகும் ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணையும் என் கையால் எழுதியிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள்.

அப்பாவிடம் லைசென்ஸ் உள்ள 12 போர் அளவு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. குழலில் துரு ஏறிவிட்டது. அமெரிக்காவில் ஒருத்தர் வீடியோவில் இரண்டே நிமிஷத்தில் குழல் மாற்றுகிறார். நம்பர் இருப்பது ரிசீவரில் மட்டும், மற்றதெல்லாம் சாதாரண சாமான், தபாலிலேயே வரும் என்கிறார். அப்பாவிடம் லைசென்ஸ் இருப்பதால் நாமும் ஒரு குழல் வரவழைக்கலாம்தானே?
*ஒரு வாசகர், சுங்கை சிப்புட்*

வரவழைக்காதீர்கள் தம்பி. இணையத்தில் ஆர்டர் போட்டு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் இன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள்.

அந்த ஆள் சொல்வது அவருடைய நாட்டுக்குச் சரி, அதனால்தான் இது ஆபத்தாக இருக்கிறது. அமெரிக்காவில் 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், துப்பாக்கியின் எலும்புக்கூடு மாதிரி இருக்கும் அந்த நடு உடலை, அதாவது ரிசீவரை அல்லது கைத்துப்பாக்கியாக இருந்தால் ஃபிரேமை, அதையே துப்பாக்கி என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. குழலும் கட்டையும் விசையும் வந்து சேர்கிற இடம் அது. தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் அதில்தான் எண்ணை வெட்ட வேண்டும். அதற்கு முன்னால் பல சாதாரண ஷாட்கன்களிலும் 22 ரக ரைபிள்களிலும் எண்ணே இருக்காது. ஆக அங்கே ஒருவர் கடையில் போய் வெறும் ரிசீவரை மட்டும் வாங்கினாலும், உள்ளே ஒரு சுருள்வில் கூட இல்லாத வெறும் அலுமினியக் கட்டியாக இருந்தாலும், முழுத் துப்பாக்கி வாங்குகிற மாதிரியே படிவம் நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். அதே ஆள் குழலையும் கட்டையையும் தபாலில் வாங்கலாம், மத்திய சட்டம் கேள்வி கேட்காது. ஏஆர்-15 என்று வீடியோக்களில் பார்ப்பீர்களே, அது மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு ஊசிகளைத் தள்ளினால் தனித்தனியாகக் கழன்று வரும். எண் இருப்பது கீழ்ப் பாதியில். மேல் பாதி, அதில் குழலே இருந்தாலும், அவர்கள் சட்டத்தில் வெறும் பாகம்.

நம்முடைய சட்டம் வேறு மாதிரி எழுதப்பட்டது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், அதாவது அக்தா செஞ்ஜாத்தா 1960, 2-வது பிரிவிலேயே ஆயுதம் என்றால் என்ன என்று விளக்குகிறது. குண்டு பாயும் குழல் உள்ள எந்த ஆயுதமும், காற்றுத் துப்பாக்கியும் அதில் வரும், அதோடு அப்படிப்பட்ட ஆயுதத்தின் எந்தப் பாகமும் வரும், சத்தத்தையோ தீப்பொறியையோ குறைக்கிற கருவியும் வரும். எந்தப் பாகமும் என்று சொல்லிவிட்டதால், நம்பர் இருக்கிற பாகம், நம்பர் இல்லாத பாகம் என்று பிரித்துப் பேச இங்கே இடமில்லை. நீங்கள் வரவழைக்கும் குழல் சுங்கத்துறையில் பெட்டியைப் பிரிக்கும்போதே ஆயுதம். அதை நாட்டுக்குள் கொண்டுவரத் தனி அனுமதி வேண்டும், வைத்திருக்கத் தனி அனுமதி வேண்டும். அப்பாவின் லைசென்ஸ் அதில் எழுதியிருக்கிற அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும்தான், இரண்டாவது குழலுக்கு அது குடை பிடிக்காது.

தண்டனையையும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் 1960 சட்டத்தின் 8-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்கு மேலே 1971-இல் வந்த இன்னொரு சட்டம் இருக்கிறது, துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய சட்டம், அதன் கீழ் போனால் பதினான்கு ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். எந்தச் சட்டத்தில் குற்றம் சாட்டுவது என்பது அரசுத் தரப்பு எடுக்கும் முடிவு, நாம் தேர்ந்தெடுப்பது அல்ல.

துருப்பிடித்த குழலை என்ன செய்வது? அப்பாவே, லைசென்ஸைக் கையோடு எடுத்துக்கொண்டு, அனுமதி பெற்ற கடைக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோகட்டும். நீங்கள் தனியாகத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது, லைசென்ஸ் உங்கள் பெயரில் இல்லை. மேல்துரு என்றால் எண்ணெயும் மெல்லிய கம்பிப்பஞ்சும் போட்டு எடுத்துவிடுவார்கள். உள்ளே குழி விழுந்திருந்தால் குழல் மாற்ற வேண்டுமா, துப்பாக்கியையே மாற்ற வேண்டுமா என்று கடைக்காரர் சொல்வார், போலீஸிடம் எழுதிக் கேட்க வேண்டிய வேலையையும் அவருக்கு முறையாகச் செய்யத் தெரியும்.

சட்டம் இருக்கட்டும். தொழில்நுட்பமாகக் கேட்கிறேன். ஒரே கம்பெனி, ஒரே மாடல், இரண்டும் 12 போர். ஒன்றின் குழல் மற்றதற்குப் பொருந்தாமல் போகுமா?
*ஒரு வாசகர், கோலகங்சார்*

போகும். நம் பக்கம் பெரும்பாலும் இருப்பது செனாப்பாங் பாத்தா, நடுவில் மடக்கித் தோட்டா போடும் வகை. இதில் குழலையும் உடலையும் தொழிற்சாலையில் ஒருவர் அரம் வைத்து ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்தியிருப்பார். கடையில் பழைய துப்பாக்கி ஒன்று வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: மடக்கித் திறந்து, முன்கட்டையைக் கழற்றி, குழலின் அடிப்பக்கத் தட்டையில் ஓர் எண், அது உட்காரும் உடலின் தட்டையில் ஓர் எண், முன்கட்டைக்குள் இருக்கும் இரும்பில் ஓர் எண். நல்ல துப்பாக்கி என்றால் மூன்றும் ஒன்றாக இருக்கும். ஒன்று மாறியிருந்தாலும் யாரோ எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு முதலாளியைக் கூப்பிடுவேன்.

வேறு துப்பாக்கியின் குழல் மாட்டினால் மாட்டும், கிளிக் என்று மூடவும் செய்யும். ஆனால் குழலின் பின்பக்கத்துக்கும் உடலின் முகத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும். வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளை அடிப்பாகம் பின்னால் சாய்ந்து நிற்க இடம் இருக்காது, அது கிழிந்தால் சூடான வாயு சுடுகிறவரின் முகத்துக்குத்தான் வரும். இதற்கு நேர்மாறான துப்பாக்கிகளும் உண்டு. ரெமிங்டன் 870 மாதிரிப் பம்ப் வகையில் தோட்டாவைப் பூட்டுகிற வேலை வேறு விதமாக அமைந்திருப்பதால், அதே போர், அதே அறை நீளம் என்றால் குழலை எளிதாக மாற்றலாம். நீங்கள் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் இந்த வகையைப் பற்றியவை. அதைப் பார்த்துவிட்டு மடக்குத் துப்பாக்கியிடம் அதே வேலையை எதிர்பார்க்கிறோம்.

அறை நீளம் என்றேன், அதை விட்டுவிட முடியாது. 12 போர் என்பது குழலின் அகலம் மட்டும்தான். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு அகலமோ அந்த அளவு, ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். அதே 12 போரில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர் இருக்கலாம், பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் அப்படித்தான். 70 இருக்கலாம், 76-ம் இருக்கலாம். 76 மில்லிமீட்டர் தோட்டா 70 அறைக்குள் தாராளமாக நுழைந்துவிடும், ஏனென்றால் பெட்டியில் எழுதியிருக்கும் நீளம் வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். உள்ளே போய்விட்டதே, சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பீர்கள். வெடிக்கும்போது அந்த வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் போய்ச் சிக்கும், அழுத்தம் கூடிவிடும். தாத்தா காலத்துத் துப்பாக்கியில் இன்றைய தோட்டாவைப் போடும் முன்னால் குழலின் அடியில் வெட்டியிருக்கும் முத்திரைகளைக் கடைக்காரரிடம் காட்டிப் படித்துக்கொள்ளுங்கள், எத்தனை அழுத்தத்துக்குச் சோதித்த குழல் என்பது அதில் இருக்கும்.

இன்னொன்று. 20 போர் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த மஞ்சளுக்குக் காரணம் இருக்கிறது. தவறிப்போய் 20 போர் தோட்டா ஒன்று 12 போர் துப்பாக்கிக்குள் விழுந்தால் அறையில் நிற்காமல் வழுக்கி முன்னால் போய்க் குழலுக்குள் மாட்டிக்கொள்ளும். பார்ப்பவருக்குத் துப்பாக்கி காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவையும் போட்டுச் சுட்டால் குழல் இடது கைக்குப் பக்கத்திலேயே கிழியும். இரண்டு போரும் ஒரே வீட்டில் இருக்கிறது என்றால் தோட்டாக்களை ஒரே பையில் போடவே போடாதீர்கள்.

என் கணவர் இறந்து எட்டு மாதமாகிறது. பன்றி விரட்ட வைத்திருந்த துப்பாக்கி அலமாரியில் அப்படியே இருக்கிறது. லைசென்ஸ் அவர் பெயரில். கொழுந்தனார், குழலைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டால் அது துப்பாக்கியே இல்லை, பயப்படாதீர்கள் அண்ணி, இல்லாவிட்டால் ஆற்றில் போட்டுவிடலாம் என்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை.
*ஓர் அம்மா, லிந்தாங் பக்கம்*

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறேன். உங்களைப் போல இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

கழற்றி வைத்தால் துப்பாக்கி இல்லை என்பது தவறு. மேலே முதல் பதிலில் சொன்னதுதான், கழற்றிய குழலும் ஆயுதம், மிச்சமுள்ள உடலும் ஆயுதம். ஒன்று உங்கள் வீட்டிலும் இன்னொன்று கொழுந்தனார் வீட்டிலும் இருந்தால் இரண்டு பேரும் மாட்டுவீர்கள். ஆற்றில் போடவே கூடாது. போலீஸின் பதிவேட்டில் அந்த எண் உங்கள் கணவர் பெயரில் நிற்கிறது, புதுப்பிக்கும் தேதி தாண்டினால் என்றாவது ஒருநாள் அவர்கள் வந்து கேட்பார்கள், அப்போது ஆற்றில் போட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தண்ணீர் வற்றும் மாதத்தில் ஒரு பையன் கையில் கிடைத்தால் அதைவிட மோசம்.

லைசென்ஸ் ஓர் ஆளுக்குக் கொடுப்பது. அவர் போனதும் அது மனைவிக்கோ பிள்ளைக்கோ தானாக வந்து சேராது. நிலத்துக்கும் வீட்டுக்கும் வாரிசு எழுதுகிற மாதிரி இதற்கு எழுத முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். துப்பாக்கியைத் தொடாதீர்கள், தோட்டா உள்ளே இருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்க்காதீர்கள். அலமாரியைப் பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இறப்புச் சான்றிதழ், கணவரின் துப்பாக்கி லைசென்ஸ், உங்கள் அடையாள அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு, துப்பாக்கி இல்லாமல், காவல் நிலையத்துக்குப் போங்கள். விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள், பஞ்சாயத்துத் தலைவரோ கோவில் செயலாளரோ யாராவது. புகார் எழுதச் சொல்லுங்கள்: கணவர் இன்ன தேதியில் இறந்தார், துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, ஒப்படைக்க விரும்புகிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. எழுதிய புகாரின் நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். துப்பாக்கியை அவர்கள் எடுத்துப் போகும்போது எண், எத்தனை தோட்டா, வாங்கிய அதிகாரி யார் என்று எழுதிய சீட்டும் வேண்டும். பேருந்திலோ மோட்டார் சைக்கிளிலோ சாக்கில் சுற்றி நீங்களே கொண்டுபோக வேண்டாம், வழியில் சாலைத் தடுப்பில் நிறுத்தினால் உங்கள் கையில் காட்ட ஒரு காகிதமும் இருக்காது.

எட்டு மாதமாகிவிட்டதே என்று பயப்படுகிறீர்கள். தாமதத்துக்குக் கேள்வி கேட்கலாம், உள்ளதைச் சொல்லுங்கள். நீங்களாகப் போய்ச் சொல்வதற்கும் அவர்கள் தேடி வந்து எடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. வழக்கு என்று யாராவது பேசினால், வாக்குமூலம் கொடுக்கும் முன்னால் தேசிய சட்ட உதவி அறக்கட்டளையை, அதாவது யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆனைக் கூப்பிடுங்கள். வருமானம் குறைவானவர்களுக்குக் குற்றவியல் விஷயங்களில் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

மகன் பெயரில் வேண்டும் என்றால் ஒப்படைத்த பிறகு அவர் தனியாக விண்ணப்பிக்கட்டும். கொடுப்பதும் மறுப்பதும் போலீஸ் எடுக்கும் முடிவு. அவசரம் இல்லை, முதலில் அது வீட்டைவிட்டுப் போகட்டும்.

டெக்சஸில் இருக்கும் என் அக்கா மகன் ரிசீவரைப் பதிவு செய்திருக்கிறேன் என்கிறான். அமெரிக்காவில் துப்பாக்கிக்குப் பதிவே கிடையாது என்றும் அவனே சொல்கிறான். எது உண்மை?
*ஒரு வாசகர், சிம்மோர்*

இரண்டும் உண்மைதான். சாதாரணத் துப்பாக்கிகளுக்கு மத்திய அரசு நாடு முழுவதற்கும் பதிவேடு வைக்கக்கூடாது என்று 1986-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். யார் வாங்கினார் என்ற படிவம் கடைக்காரரின் அலமாரியில்தான் இருக்கும், கடையை மூடினால் அரசிடம் போகும். சில மாநிலங்கள் தனியாகப் பதிவு கேட்கும், டெக்சஸ் கேட்காது.

ஆனால் 1934-இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் என்று ஒன்று உண்டு. தானியங்கித் துப்பாக்கி, 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைபிள், 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ஷாட்கன், சத்தம் அடக்கும் குழாய் இவற்றையெல்லாம் மத்தியப் பதிவேட்டில் ஏற்றியே ஆக வேண்டும். அன்றைக்கு 200 டாலர் வரி வைத்தார்கள், பல தலைமுறைக்கு அதே 200 தான். 2026 ஜனவரி 1 முதல் தானியங்கி போன்றவற்றைத் தவிர மற்றவற்றுக்கு வரி சுழியமாகிவிட்டது, பதிவு மட்டும் அப்படியே இருக்கிறது. உங்கள் அக்கா மகன் குட்டைக்குழல் ரைபிள் செய்ய ஆசைப்பட்டு, எண் வெட்டிய ரிசீவரை அந்த வகையில் பதிவு செய்திருப்பான். ஒருமுறை ரிசீவர் பதிவாகிவிட்டால் அதன்மேல் மாட்டும் குழல்களை மாற்றிக்கொள்ளலாம். அங்கே பாகப் பொருத்தமும் பதிவும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பது இதனால்தான். தானியங்கிகளுக்கு மட்டும் 1986 மே 19-உடன் கதவை மூடிவிட்டார்கள், அதற்குப் பிறகு செய்த எதையும் தனி ஆள் தன் பெயரில் பதிவு செய்ய முடியாது.

பாகங்கள் ஒன்றாக இருந்தாலே குற்றமா என்ற கேள்வி அவர்களின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தாம்சன் சென்டர் என்ற கம்பெனி ஒரு கைத்துப்பாக்கியோடு தோளில் வைக்கும் கட்டையையும் 21 அங்குலக் குழலையும் ஒரே பெட்டியில் விற்றது. கைத்துப்பாக்கியின் சொந்தக் குழல் 10 அங்குலம். கட்டையை மாட்டி 10 அங்குலக் குழலையே விட்டுவிட்டால் அது பதிவு செய்ய வேண்டிய குட்டை ரைபிள் ஆகிவிடுமே, அதனால் பெட்டியையே பதிவு செய் என்றது அரசு. 1992-இல் நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது, அதே பாகங்களில் சட்டப்படியான நீளத் துப்பாக்கியும் செய்யலாம் என்பதால். பாதி முடித்த ஃபிரேமை எண் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பும் பெட்டிகள் பற்றி அடுத்த சண்டை. அப்படிப்பட்ட பெட்டிகளையும் துப்பாக்கிக் கணக்கில் சேர்க்கும் 2022 விதியை அதே நீதிமன்றம் 2025 மார்ச் 26-இல் ஏற்றுக்கொண்டது.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக ஏன் சொல்கிறேன் என்றால், எந்தப் பாகத்தைத் துப்பாக்கி என்பது என்று அவர்கள் ஐம்பது அறுபது வருஷமாக நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், அந்த வாதத்தில் ஒரு பக்கத்தின் பேச்சுத்தான் வீடியோவாக நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வருகிறது. அக்கா மகன் விடுமுறைக்கு வரும்போது மாமாவுக்குப் பரிசு என்று ஒரு சின்னப் பாகத்தைக்கூடப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரவேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

துரைமார் காலத்தில் தோட்டத்து மானேஜர் எல்லாரிடமும் துப்பாக்கி இருந்தது. நம் ஆட்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?
*ஒரு பெரியவர், சுங்கை சிப்புட்*

ஐயா, உங்கள் ஊரிலிருந்து கொண்டு இதை நீங்கள் கேட்கிறீர்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்துதான் அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு வருஷம், 1960 ஜூலை 31 வரை. அந்த நாட்களில் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை, தோட்டத் தொழிலாளர்களுக்காகவும் பேசிய அந்த மனிதரை, ஒரு ரிவால்வர் வைத்திருந்தார் என்று சொல்லி 1949 மே 4-இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். சுட்டார் என்று குற்றச்சாட்டு இல்லை, வைத்திருந்தார் என்பதுதான். நம் வீட்டுப் பெரியவர்கள் துப்பாக்கி என்றாலே குரலைத் தாழ்த்திப் பேசுவார்களே, அது சும்மா வந்த பயம் இல்லை.

அவசரகாலம் முடிந்த அதே 1960-இல்தான் இந்த ஆயுதச் சட்டம். பிறகு 1971 சட்டம். சில துப்பாக்கிக் குற்றங்களுக்கு இருந்த கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல்தான் போனது, நீண்ட சிறையும் பிரம்படியும் இன்னும் உண்டு. கெடுபிடி எல்லா இனத்தாருக்கும் ஒன்றுதான் ஐயா. படிவம் நிரப்பத் தெரியாமலும் பயத்தாலும் நம் ஆட்கள் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். நிலம் உங்கள் பெயரில் இருந்து, பன்றி சேதப்படுத்தியதற்குப் படமும் புகாரும் வைத்திருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பக்கத்து லயத்தில் ஒருத்தர் இரும்புக் குழாய் வைத்துப் பன்றிக்குப் பாக்காகுக், அதாவது நாட்டுத் துப்பாக்கி செய்கிறார். எனக்கும் ஒன்று செய்து தருவதாகச் சொல்கிறார். லைசென்ஸ் துப்பாக்கி வாங்கக் காசு இல்லை.
*பெயர் வேண்டாம்*

வேண்டாம் தம்பி, அந்தப் பட்டறைப் பக்கமே போகாதீர்கள். அனுமதி இல்லாமல் ஆயுதம் செய்வது, வைத்திருப்பதைவிடப் பெரிய குற்றம். தண்ணீர்க் குழாய் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதே இல்லை, இத்தனை தடவை தாங்கியது என்பதால் அடுத்த தடவை தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. விரல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் லயத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேசிப் பாருங்கள், கேட்காவிட்டால் போலீஸில் சொல்லுங்கள். பன்றிக்கு, முதலில் மானேஜ்மெண்டிடம் எழுத்தில் கேளுங்கள், பிறகு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் புகார் கொடுங்கள். சூரிய ஒளியில் ஓடும் வேலி சின்ன நிலத்துக்கே போடலாம். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவதை மட்டும் செய்யாதீர்கள், பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர்கள் போயிருக்கிறார்கள். இன்னொரு விஷயம், லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவர்களுக்கும் சேர்த்து: காட்டுப்பன்றி 2010 வனவிலங்குச் சட்டத்துக்குள் வருகிறது, துப்பாக்கி லைசென்ஸ் மட்டும் இருந்தால் வேட்டைக்குப் போய்விட முடியாது, பெர்ஹிலித்தானின் அனுமதி தனி.

தீபாவளிக்குப் பையன் ஜெல் குண்டுத் துப்பாக்கி கேட்கிறான். விளையாட்டுச் சாமான்தானே?
*ஓர் அம்மா, தைப்பிங்*

அசல் மாதிரியே இருந்தால் வாங்காதீர்கள். ஆயுதச் சட்டத்தின் 36-வது பிரிவு போலித் துப்பாக்கியையும் பிடிக்கும். ஜெல் குண்டும் ஏர்சாஃப்டும் நம் நாட்டில் அனுமதி இல்லாதவை, இணையத்தில் விற்கிறார்கள் என்பதால் சரி என்று ஆகிவிடாது. பையனுக்கு மத்தாப்பு போதும்.

என் துப்பாக்கியின் மரக்கட்டை விரிந்துவிட்டது. தெரிந்த தச்சர் ஒட்டித் தருகிறேன், ஒரு வாரம் விட்டுவிட்டுப் போ என்கிறார். அப்புறம், லைசென்ஸில் எண்ணின் கடைசி எழுத்து 1 என்று இருக்கிறது, துப்பாக்கியில் 7 மாதிரித் தெரிகிறது. பரவாயில்லையா?
*ஒரு வாசகர், புருவாஸ்*

தச்சரிடம் விடாதீர்கள். அந்த ஒரு வாரம் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவர் அவர். உங்களுக்கு உதவி செய்யப் போய் அவர் மாட்டுவார். அனுமதி பெற்ற கடைக்கே கொண்டுபோங்கள், ஒப்படைக்கும்போது ரசீது வாங்குங்கள். கட்டை விரிந்த நிலையில் சுடவும் வேண்டாம், உதைப்பில் கைப்பிடிப் பக்கம் பிளந்து உள்ளங்கையைக் கிழிக்கும்.

எண் விஷயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பழைய பல்துலக்கியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு அந்த இடத்தைத் தேயுங்கள், கம்பித்தூரிகை வேண்டாம், எண்ணை அழித்தார் என்று ஆகிவிடும். துணியால் துடைத்துவிட்டுச் சாக்பீஸைச் சாய்த்துப் பூசினால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பழைய வெட்டெழுத்தில் 1-க்கும் 7-க்கும் மேலே இருக்கும் சின்னக் கோடுதான் வித்தியாசம், அதில் துரு அடைந்திருந்தால் யாருக்கும் தடுமாறும். பிறகு குழலின் அடி, உடல், முன்கட்டை இரும்பு மூன்றையும் ஒப்பிடுங்கள். மூன்றிலும் 7 என்றால் தப்பு லைசென்ஸ் காகிதத்தில். அடுத்த புதுப்பிப்புக்குக் காத்திருக்காமல் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் துப்பாக்கி லைசென்ஸ் பார்க்கும் பிரிவுக்குப் போய், கடையில் வாங்கிய பழைய ரசீதையும் காட்டித் திருத்தம் கேளுங்கள், திருத்தியதில் முத்திரை இருக்கட்டும். மூன்றில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் துடைப்பதை நிறுத்திவிட்டு, யாரிடம் வாங்கினீர்கள் என்ற காகிதங்களோடு முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.